பொருளுரிமைக் கடல்: ‘சிறப்புப் பொருளாதார மண்டலம்’ கடலில் கிடையாது

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் கையேடுகள், தொலைக்காட்சி விவாதங்கள், வெளியுறவு பற்றிய கருத்தரங்குகள் என்று எங்கே போனாலும் இந்தத் தவறு முன்னால் வந்து நிற்கிறது. கரையோர நாட்டுக்கு மட்டும் மீனும் எண்ணெயும் எடுக்க உரிமை உள்ள கடற்பரப்பை ஆங்கிலத்தில் எக்ஸ்க்ளூசிவ் எக்கனாமிக் ஜோன் என்பார்கள். அதைத் தமிழில் ‘சிறப்புப் பொருளாதார மண்டலம்’ என்கிறார்கள். அண்மையில் காரைக்குடியில் நடந்த ஒரு கருத்தரங்கில் அரசறிவியல் பேராசிரியர் ஒருவர் பேசினார். கடல் தகராறுகளையும் அயலுறவுக் கொள்கையையும் ஆராய்வதே வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர். அவருடைய ஆங்கிலப் பேச்சை உடனுக்குடன் தமிழில் சொன்னவர், “பிலிப்பைன்ஸின் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் சீனக் கப்பல்கள்” என்றார். எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த மாணவி, “கடலுக்குள்ள ஃபேக்டரி கட்டியிருக்காங்களா ஐயா?” என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை கேட்டதில் பிழையே இல்லை. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்பது ஏற்றுமதித் தொழில்களுக்கு வரிச்சலுகை தந்து ஒதுக்கும் நிலப்பகுதி. அதற்கு 2005-இல் தனிச் சட்டமே வந்தது. அது ஸ்பெஷல், இது எக்ஸ்க்ளூசிவ். இரண்டும் வெவ்வேறு சங்கதி.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்க்ளூசிவ் என்பதன் லத்தீன் வேர் ‘வெளியே நிறுத்திக் கதவடைத்தல்’. ஜோன் என்பது கிரேக்கத்தில் அரைக்கச்சை. 200 கடல் மைல் வரை உரிமை வேண்டும் என்று சிலி, பெரு, எக்வடோர் மூன்றும் 1952-லேயே அறிவித்தன. இந்தப் பெயரோடு கருத்தை முன்வைத்து வாதாடியது கென்யா, 1972-இல். 1982-இல் ஜமைக்காவின் மாண்டிகோ பேயில் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை அதை உலகச் சட்டமாக்கியது. 1994-இல் அது நடைமுறைக்கு வந்தது, 1995-இல் இந்தியா ஏற்புறுதி தந்தது. அதற்கு முன்பே, 1976-இல், நம் நாடாளுமன்றம் இதற்கென ஒரு சட்டம் இயற்றிவிட்டது.

சட்டம் சொல்வது இதுதான். கரையோர அடிப்படைக் கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை உள்ள கடல், நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது. அதைத் தாண்டி, அடிப்படைக் கோட்டிலிருந்து 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, அங்குள்ள மீனும் எண்ணெயும் கனிமமும் அந்த நாட்டுக்கு மட்டும். ஆனால் வழி எல்லாருக்கும் பொது. எந்த நாட்டுக் கப்பலும் போகலாம், மேலே விமானம் பறக்கலாம், அடியில் கேபிள் பதிக்கலாம். நம் செட்டிநாட்டு வீட்டு வளவை, அதாவது உள்முற்றத்தை, நினைத்துக்கொள்ளுங்கள். பங்காளிகள் யாரும் வளவில் நடந்து போகலாம், ஆனால் ஓரத்து அறைகளில் அந்தந்தப் புள்ளியின், அதாவது குடும்பத்தின், சாமான் இருக்கும், சாவி அவரவர் இடுப்பில்.

இதைப் ‘பிரத்யேகப் பொருளாதார மண்டலம்’ என்று எழுதுகிறவர்களோடுதான் எனக்கு உண்மையான வழக்கு. ‘சிறப்பு’ என்று எழுதுகிறவரைத் திருத்திவிடலாம், கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். ‘பிரத்யேக’ என்பவர்களோ, தாங்கள் எழுதுவது சரி என்று நம்புகிறார்கள். பிரதி, ஏக என்ற இரண்டும் சேர்ந்த அந்த வடசொல்லுக்கு ‘ஒவ்வொன்றும்’ என்பதே பொருள். பிறரை விலக்குதல் என்ற கருத்து அதில் எங்கே இருக்கிறது? நம் இதழ்கள் ‘பிரத்யேகப் பேட்டி’ என்று போட்டுப் போட்டு அதற்கு ‘வேறெங்கும் கிடைக்காதது’ என்ற நிழல் படிந்துவிட்டது. அந்த நிழலை நம்பி ஒரு சட்டச் சொல்லைக் கட்டக் கூடாது. வடசொல் என்பதற்காக மட்டும் நான் இதைத் தள்ளவில்லை. வடசொல்லாகவும் அது பொருந்தவில்லை. ‘தனித்துவப் பொருளாதார மண்டலம்’ என்று தனித்தமிழ் ஆக்குகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். தனித்துவம் என்றால் இதைப்போல் இன்னொன்று இல்லை என்று பொருள். கடற்கரை உள்ள நாடுகள் எல்லாமே உரிமை கோரத்தக்க ஒன்றில் என்ன தனித்துவம்?

அப்புறம் ‘மண்டலம்’. இது இன்னும் பெரிய தொல்லை. மண்டலம் என்றால் வட்டம். ஆனால் தமிழன் காதில் அது சோழ மண்டலம், தொண்டை மண்டலம் என்றுதான் விழும். ஒரு வேந்தன் ஆண்ட நிலம் என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். 12 கடல் மைலுக்கு அப்பால் எந்த நாடும் கடலை ஆளவில்லை, பொருளுக்கு மட்டுமே உரிமை கொண்டாடுகிறது. அந்த வேறுபாட்டை இந்தச் சொல் மூழ்கடிக்கிறது. போதாததற்கு, அயலுறவுப் படிப்பில் மண்டலம் ஏற்கெனவே ஒரு கலைச்சொல். அண்டை அரசன் பகை, அவனுக்கு அப்பால் உள்ளவன் நட்பு என்று கௌடலீயம் என்னும் அர்த்தசாஸ்திரம் வகுக்கும் அரச வட்டத்துக்கு அதுதான் பெயர். ஈழத்தார் எழுதும் ‘வலயம்’ எவ்வளவோ மேல். வளையம், கச்சை என்ற பொருளுக்காவது அது பக்கத்தில் நிற்கிறது. அவர்களும் முன்னால் ‘பிரத்தியேக’வைச் சேர்த்துக்கொள்வதுதான் குறை.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம், சொல் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2012 பிப்ரவரியில் கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைலில் இத்தாலியக் கப்பலின் வீரர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். அந்த இடம் 12 கடல் மைலுக்கு வெளியே இருந்ததால், வழக்கை நடத்தக் கேரளத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 ஏப்ரலில் லட்சத்தீவுக்கு மேற்கே சுமார் 130 கடல் மைலில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று முன் ஒப்புதல் கேட்காமல் போனது. உடனே ‘இந்திய எல்லைக்குள் ஊடுருவல்’ என்று பலர் கொதித்தார்கள். அங்கே எல்லை மீறல் எதுவும் இல்லை. கரையோர நாட்டின் ஒப்புதலின்றி அங்கே படைப் பயிற்சி செய்ய உடன்படிக்கை இடம் தரவில்லை என்பது இந்தியாவின் நிலை. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. அந்த உடன்படிக்கையில் அது சேரவும் இல்லை. இவ்வளவு நுட்பமான தகராறை ‘எல்லை’ என்ற ஒரே சொல்லில் போட்டு அமுக்கினால் வாசகனுக்கு என்ன விளங்கும்? இதே அவசரத்தில்தான் 200 கடல் மைலைச் சாதாரண மைலாக எண்ணி 320 கிலோமீட்டர் என்றும் மொழிபெயர்க்கிறார்கள். 50 கிலோமீட்டர் கடல் அப்படியே காணாமல் போகிறது!

சரி, எது தமிழ்? ‘பொருளுரிமைக் கடல்’ என்பது என் துணிபு. 12 கடல் மைல் வரை ‘ஆட்சிக் கடல்’, அதற்கு அப்பால் பொருளுரிமைக் கடல். ஒன்றில் ஆட்சி, மற்றதில் உரிமை. சட்டம் பிரித்த இடத்திலேயே சொல்லும் பிரிகிறது. சட்ட வரைவுக்கு எக்ஸ்க்ளூசிவ் என்பதையும் காட்டியாக வேண்டும் என்றால் ‘தனிப் பொருளுரிமைக் கடல்’ என்று எழுதலாம். ‘பொருளாதாரம்’ என்ற முழுச்சொல் விடுபடுகிறதே என்று நண்பர் ஒருவர் தடை சொன்னார். அதற்கு விடை நம் மகிபாலன்பட்டியிலேயே இருக்கிறது. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அர்த்தசாஸ்திரத்தைத் தமிழாக்கியபோது அதைப் ‘பொருணூல்’ என்றார். மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தை ‘மண்ணியல் சிறுதேர்’ ஆக்கியவரும் அவரே. மூலச்சொல்லின் ஓசையை விட்டுவிட்டுக் கருத்தைக் கைப்பற்றினார். அந்த உழைப்பில் கால்பங்கு இன்றைய மொழிபெயர்ப்பாளர்களிடம் இருந்தால் போதும். ஆங்கிலச் செய்தி வந்த ஐந்து நிமிடத்தில் தமிழ் வேண்டும் என்று நிறுவனம் விரட்டுகிறது, தெரியும். அதற்காக, முதலில் கைக்குக் கிடைத்த சொல்லைப் போட்டால் அது பல்லாண்டுக்கு நிலைத்துவிடுகிறதே.

பல்கலைக்கழகத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வி. சூரியநாராயண் போன்றவர்கள் கச்சத்தீவையும் பாக் நீரிணை மீனவர் சிக்கலையும் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். அந்தத் துறையின் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே வளர்ந்தது. கலைச்சொல்லை அறிந்தவர்கள் தமிழில் எழுதாத இடத்தில் அறியாதவர்கள் எழுதுகிறார்கள்.

கடைசியாக ஒன்று, நம் பக்கத்துக் கடலைப் பற்றி. காரைக்குடிச் சந்தைக்கு மீன் அனுப்பும் தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் படகுகள் பிடிபடும்போது, ‘இலங்கையின் பொருளாதார மண்டலத்தில்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது எந்தச் சொல்லில் எழுதினாலும் தவறு. பாக் நீரிணைப் பகுதியை இரு நாடுகளும் வரலாற்று நீர்ப்பரப்பாக, அதாவது நெடுங்காலமாகத் தங்கள் ஆட்சியில் இருந்துவரும் கடலாகக் கொண்டு 1974 ஒப்பந்தத்தில் கோடு பிரித்துக்கொண்டன. கோட்டுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் முழு ஆட்சி. பொருளுரிமைக் கடல் என்ற பேச்சு 1976 ஒப்பந்தத்தில் வரும் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும்தான். அங்கேதான் உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவும் பொருந்தும். பொருளுரிமைக் கடலில் மீன்பிடி விதியை மீறிய அயல்நாட்டு மீனவரை, இரு நாடுகளுக்கிடையே வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சிறையில் அடைக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. தொண்டியிலிருந்து போன படகுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த வேறுபாடு அந்தப் படகுக்காரர் வீட்டுக்குத் தெரிய வேண்டும். அவர்கள் படிக்கும் செய்தித்தாள்தான் அதைச் சரியான சொல்லில் சொல்லியாக வேண்டும்.