ஆராய்ச்சி மானியம்: எந்தக் கதவைத் தட்டுவது?

பெரம்பலூர் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் அறுக்கும் சிறிய இயந்திரம் ஒன்றைச் செய்துபார்த்துக்கொண்டிருக்கிறார். கவர்மென்ட் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு ஓர் அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தார். “பேங்க் லோன் சேங்ஷன் லெட்டர் எங்கன்னு கேக்கறாங்க. நான் லோனே கேக்கலையே” என்றார்.

அவர் மேல் தப்பில்லை. மானியம் என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு சமாச்சாரங்களைப் பேசுகிறோம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி., புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் போன்ற திட்டங்களில் வருவது முதலீட்டு மானியம். என்ன செய்யப்போகிறோம், எப்படி விற்போம் என்பது தெரிந்த தொழிலுக்கு வங்கி கடன் தரும். அதில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். ஆராய்ச்சி மானியம் வேறு. பொருள் வேலை செய்யுமா என்றே இன்னும் தெரியாத கட்டத்தில், அதைச் செய்துபார்க்கக் கொடுக்கும் பணம் அது. கடன் இல்லை, அடமானம் இல்லை. ஒழுங்காக முயன்றும் பொருள் தோற்றுப்போனால் பொதுவாகப் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். கணக்கு மட்டும் கேட்பார்கள், அதைக் கறாராகக் கேட்பார்கள்.

எந்தத் திட்டம் என்று தேடும் முன் நம் பொருள் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். விண்ணப்பங்களில் டி.ஆர்.எல்., அதாவது தொழில்நுட்பத் தயார்நிலை என்று ஒரு கேள்வி வரும். 1 முதல் 9 வரை எண். காகிதத்தில் யோசனை மட்டும் இருந்தால் 1, 2. மேசை மேல் வைத்துச் சோதித்திருந்தால் 3, 4. நிஜ இடத்தில், நிஜ ஆட்கள் கையில் ஓடி நிரூபணமாகியிருந்தால் 8, 9. கூட்டிப் போட்டால் மதிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: மாதிரி (புரோட்டோடைப்) செய்யப் பணம் தரும் திட்டத்தில் 7 என்று போட்டால், “மாதிரிதான் இருக்கிறதே, பணம் எதற்கு?” என்று தள்ளிவிடுவார்கள்.

நண்பருக்குப் பொருந்தியது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி–பிரயாஸ். 10 லட்சம் ரூபாய் வரை, 18 மாதத்துக்குள் மாதிரியைச் செய்து முடிக்க வேண்டும். 18 வயது நிரம்பிய இந்தியக் குடிமகனாக இருந்தால் கம்பெனி தொடங்காமலே தனி ஆளாக விண்ணப்பிக்கலாம். கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். வெறும் மொபைல் ஆப் என்றால் இங்கே வேலைக்கு ஆகாது. பணம் டெல்லியிலிருந்து நேராக வராது, பிரயாஸ் மையமாகத் தேர்வான தொழில் காப்பகங்கள் வழியாகத்தான் வரும். இன்குபேட்டர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கோவையில் பி.எஸ்.ஜி. ஸ்டெப், ஃபோர்ஜ், வேலூரில் வி.ஐ.டி., சென்னையில் ஐ.ஐ.டி. என்று தமிழ்நாட்டில் காப்பகங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் தனக்கு வசதியான நேரத்தில் விண்ணப்பம் கோரும். அதனால் துறையின் இணையதளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கோட்டை விட்டுவிடுவோம். பக்கத்துக் காப்பகத்துக்குப் போன் போட்டு, இப்போது விண்ணப்பம் வாங்குகிறீர்களா என்று கேட்பது உத்தமம்.

மருந்து, நோய் கண்டறியும் கருவி, விதை என்று உயிரியல் சார்ந்த வேலை என்றால் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள பைராக் நிறுவனத்தின் பிக் மானியம் இருக்கிறது. 50 லட்சம் வரை, 18 மாதம். வழக்கமாக ஜனவரி 1, ஜூலை 1 என்று வருடத்துக்கு இரண்டு முறை வாசல் திறக்கும். ராணுவத்துக்குப் பயன்படும் பொருள் என்றால் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டம். அது தலைகீழ் முறை: எங்களுக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது என்று படைகளே பட்டியல் போடும், தீர்வோடு நாம் போக வேண்டும். அதன் வழக்கமான பிரிவில் ஒன்றரைக் கோடி வரை உண்டு, ஆனால் நம் பங்கையும் போட வேண்டும். கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புத் துறைக் காப்பகம் இதற்காகவே இயங்குகிறது. 2021 ஏப்ரலில் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் மாதிரி செய்ய 20 லட்சம் வரை மானியம் என்று விதி. அதற்கு மத்திய தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் (டி.பி.ஐ.ஐ.டி.) அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வேண்டும், பதிவாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அப்புறம், வேறு அரசுத் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் பணம் வாங்கியிருந்தால் இதில் இடமில்லை. எதை முதலில் வாங்குவது என்ற வரிசையை இதனால்தான் யோசித்துப் போட வேண்டியிருக்கிறது. மாநில அளவில் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். நடத்தும் டான்சீட் என்ற விதை நிதித் திட்டம் இருக்கிறது.

கல்லூரிப் பேராசிரியர்களின் பாதை தனி. ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி தந்துவந்த செர்ப் என்ற நெடுநாள் பழகிய அமைப்பு இப்போது 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது.

மானியம் என்று வாட்ஸப்பில் சுற்றுவதெல்லாம் மானியமும் இல்லை. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஒரு லட்சம் கோடி ஆராய்ச்சி நிதியை இலவசப் பணம் என்று எத்தனையோ பேர் பகிர்ந்தார்கள். அது பெரும்பாலும் குறைந்த வட்டியில், அல்லது வட்டியில்லாமல் தரும் நீண்டகாலக் கடனும் பங்கு முதலீடும்தான். அதுவும் டி.ஆர்.எல். 4, அதற்கு மேல் உள்ள வேலைகளுக்கு. தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் தருவதிலும் பெரும்பகுதி கடன்தான்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். நண்பர் எழுதிய முதல் வரைவில் செலவுப் பட்டியல் நான்கே வரி. மெஷின் 4 லட்சம், லேபர் 2 லட்சம், போக்குவரத்து 1 லட்சம், இதர 3 லட்சம். கூட்டினால் கச்சிதமாகப் 10 லட்சம் வருகிறது. அந்தக் கச்சிதம்தான் வினை. தேர்வுக் குழுவில் இருப்பவர்களில் பலர் பட்டறையில் கை அழுக்கானவர்கள், உச்சவரம்பைப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து எழுதிய கணக்கு அவர்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். உட்கார்ந்து மறுபடி எழுதினோம். அரை ஹெச்.பி. மோட்டார் இரண்டு, துருப்பிடிக்காத எஃகுத் தகடு இத்தனை கிலோ, பிளேடு மாற்று மூன்று ஜோடி, லேசர் கட்டிங் ஜாப் ஒர்க், பியரிங், சென்சார். ஒவ்வொன்றுக்கும் ஜி.எஸ்.டி. எண் உள்ள கடையின் கொட்டேஷன். மொத்தம் ஆறரை லட்சத்தில் நின்றது. “கம்மியா கேட்டா கம்மியாத்தானே குடுப்பாங்க” என்று அவருக்கு மனத்தாங்கல். ஆறரை லட்சத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு இல்லை.

அதைவிட முக்கியமான பத்தி, இப்போது அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது. முதல் வரைவில் விவசாயிகள் மிகவும் சிரமப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரு பெண் ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ அறுக்கிறார், கூலி என்ன, எத்தனை காய் வெட்டுப்பட்டு வீணாகிறது என்று களத்தில் நின்று குறிக்கச் சொன்னேன். இரண்டு நாள் கைக்கடிகாரத்தோடு நின்றார். வெங்காயம் ஈரமாக இருந்தால் கையிலேயே வேகம் குறைகிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது, பிளேடின் வடிவத்தையே மாற்றிவிட்டார்.

இன்னொன்று, காப்புரிமை. இயந்திரத்தை யூடியூப்பிலோ கண்காட்சியிலோ காட்டிவிட்டால் பிறகு காப்புரிமை வாங்குவது கஷ்டம். முதலில் தற்காலிக விண்ணப்பமாவது போட்டுவிட வேண்டும். அதைப் போட்டால் முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாதம் கிடைக்கும். தனி நபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் கட்டணம் பெரிய கம்பெனிகளைவிட மிகக் குறைவு.

பணம் வந்த பிறகு இதற்கென்றே தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைப் பணத்தோடு கலந்தால் பிரிக்கவே முடியாது. ஒரே தவணையில் முழுத் தொகையும் வராது, சொன்ன வேலை முடிந்ததைக் காட்டினால்தான் அடுத்த தவணை. செலவுக் கணக்கோடு யூ.சி. என்கிற பயன்பாட்டுச் சான்றிதழை ஆடிட்டர் கையெழுத்தோடு தர வேண்டியிருக்கும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, மானியத் தொகை வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டியையும் அரசுக்கே திருப்பிக் கட்டச் சொல்கிறது. காப்பகம் அந்த வட்டியைக் கேட்டால் அதிர்ச்சியடையாதீர்கள். வருமான வரிச் சட்டத்திலும் அரசு மானியம் பொதுவாக வருமானக் கணக்கில்தான் வரும். சொத்து வாங்கச் செலவானதற்கு மட்டும் வேறு கணக்கு. இதை மார்ச் மாதம் ஆடிட்டரிடம் கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நடுவில் ஒருவர் நண்பரைப் பிடித்து, டெல்லியில் ஆள் இருக்கிறது, முன்பணம் இருபதாயிரமும் வருவதில் பத்து சதவீதமும் என்று பேரம் பேசியிருக்கிறார். பிரயாஸ், விதை நிதி விண்ணப்பங்களுக்குக் கட்டணமே கிடையாது. அந்தப் பத்து சதவீதத்தை யூ.சி.யில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மட்டும் அவரிடம் கேட்கச் சொன்னேன். நண்பர் கேட்டார். அதற்கப்புறம் அந்த ஆள் போனை எடுப்பதில்லை.