லிக் என்றால் நக்கலா?

கிடத்திவைத்து, கம்பிமேல் இரும்புத் தண்டை நகர்த்தி, கால் மிதிகளை அழுத்தி வாசிக்கிற பெடல் ஸ்டீல் கிதாருக்கான பாடக் காணொளி ஒன்றின் கீழே ஓடிய தமிழ் வரியில் "இன்று ஐந்து நாட்டு நக்கல்கள் கற்போம்" என்று வந்தது. ஆங்கிலத்தில் அது 'கன்ட்ரி லிக்ஸ்'. கன்ட்ரி என்பது அமெரிக்காவின் ஓர் இசை வகை. முதல் தடவை சிரித்துவிட்டேன். அடுத்தடுத்த மூன்று பாடங்களிலும் அதே நக்கல். யாரை நக்கலடிக்கிறார்கள் என்றுதான் படிப்பவர் கேட்பார்.

லிக் பழைய ஆங்கிலச் சொல். நாக்கால் நக்குவது முதல் பொருள். பிறகு அடி, துளியூண்டு என்ற பொருள்களும் ஒட்டிக்கொண்டன. ஜாஸ்காரர்கள் அதை இசைக்குள் கொண்டுவந்தார்கள், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத்து வாத்தியக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் வரலாறு.

பெரும்பாலும் பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், வாத்தியக்காரர் செருகுகிற கை பழகிய சிறு ஸ்வரக்கோவைதான் லிக். திரும்பத் திரும்ப வந்து பாட்டைத் தாங்குவது ரிஃப், அது வேறு.

ஓர் உதாரணம். இ9 என்ற வழக்கமான சுருதிகூட்டலில், மூன்றாம் கோட்டில் (ஃபிரெட்) இரும்புத் தண்டை வைத்து ஐந்தாம், ஆறாம் கம்பிகளை மீட்டுங்கள். ஒலி அடங்குவதற்குள் ஏ, பி என்று பெயரிட்ட இரண்டு கால் மிதிகளை மெல்ல அழுத்துங்கள். தண்டு நகரவில்லை, ஆனால் டி ஸ்வரம் ஈயாகவும், பி ஸ்வரம் சியாகவும் ஏறி, ஜி கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) சி கார்டுக்குள் வழுக்கி விழுகிறது. மிதியை விட்டால் திரும்ப வீடு. கன்ட்ரி பாட்டின் அழுகை முக்கால்வாசி இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. 1954-இல் வெற்றி பெற்ற கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் ஸ்டீல்காரர் பட் ஐசக்ஸ் இப்படி மிதித்ததைக் கேட்டுத்தான் மற்ற ஸ்டீல்காரர்களும் மிதி தேடி ஓடினார்கள்.

இதற்கு 'இசைத்துணுக்கு' என்று எழுதும் தனித்தமிழ் நண்பர்கள் இருக்கிறார்கள். நக்கலைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் எனக்குச் சம்மதமில்லை. துணுக்கு என்றால் பெரிய ஒன்றிலிருந்து நறுக்கி எடுத்தது, பத்திரிகையின் காலி மூலையில் போடுவது. லிக்கை யாரும் எதிலிருந்தும் நறுக்கவில்லை. அது தனியாகவே முழுசாக நிற்கும். பத்து பாட்டில் பத்து சுருதியில் வாசிக்கலாம். போதாததற்கு, கைப்பேசி அழைப்பொலியும் இசைத்துணுக்கு, விளம்பர மெட்டும் இசைத்துணுக்கு. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் எதற்கும் பொருந்தாது. 'சங்கதி' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சங்கதி என்பது பாட்டின் ஒரே வரியை விதவிதமாகப் பாடிக் காட்டுவது. இங்கே வரி பாடகருடையது. ஸ்டீல்காரர் அது முடிந்த பிறகுதான் வாய் திறக்கிறார்.

நம் கர்நாடக சங்கீதத்தில் ஏற்கெனவே 'பிடி' இருக்கிறதே! "ஸநிபதஸா" என்ற ஒரு பிடி விழுந்ததும் காம்போதி என்று சபையில் தலையாட்டுகிறோம். சின்னது, கையில் ஊறியது, கேட்டவுடன் ஊர் பேர் சொல்லிவிடுவது. லிக்கும் அதேதான். ராகத்துக்குப் பதில் கன்ட்ரி பாணியைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

ஒரு சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். வலது கை சேர்த்து மீட்டும் கம்பிக் கூட்டத்தை, உதாரணமாக 4-5-6, ஸ்டீல்காரர்கள் கிரிப் என்பார்கள். அதற்கும் பிடி என்று போட்டால் குழப்பம். அதைக் 'கம்பிக்கொத்து' என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, மீதியையும் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரி பாட்டை 'நாட்டுப் பாடல்' என்று எழுதினால் சுதந்திர தின ஞாபகம்தான் வருகிறது. 'எஃகுக் கிதார்' இன்னும் மோசம். கிதார் எஃகால் செய்ததில்லை. ஹவாயில் இந்த வாசிப்பைத் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படும் ஜோசப் கெகுகு காலத்திலிருந்து, இடது கையில் பிடிக்கிற தண்டுதான் ஸ்டீல். அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிறவருக்கு அந்தக் கை கண்ணில் படுவதில்லை. அதனால் நான் பெடல் ஸ்டீலை பெடல் ஸ்டீல் என்றே எழுதுகிறேன். பிடியை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.