ஏறின கியரிலேயே இறங்குங்கள்: சொந்தக் காரில் ஊட்டி போய்த் திரும்புகிறவர்களுக்கு

கோடை விடுமுறையில் முதன்முறையாகச் சொந்தக் காரில் மலை ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் பயம் ஏற்றத்தில்தான். வண்டி இழுக்குமா, பின்னால் உருண்டுவிடுமா, கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் என்ன செய்வது என்று நெஞ்சு படபடக்க ஏறுவார்கள். இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு, "இனிமேல் இறக்கம்தானே, தானாகப் போகும்" என்று நிம்மதியாகத் திரும்புவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஏற்றத்தில் தப்பு செய்தால் வண்டி நின்றுபோகும். இறக்கத்தில் தப்பு செய்தால் வண்டி நிற்காது.

ஒரு சின்னக் கணக்கு. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி நிலையம் ஏறத்தாழ 2,200 மீட்டர். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,500 கிலோ எடையுள்ள கார் இந்த உயரத்தை இறங்கும்போது சுமார் 2.75 கோடி ஜூல் ஆற்றலை எங்காவது கொட்டித் தீர்த்தாக வேண்டும். ஏறக்குறைய 95 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு அது. டயர் உராய்வும் காற்றும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். மீதி போக இரண்டே வழிகள்: ஒன்று எஞ்சின், இன்னொன்று பிரேக். எஞ்சினைச் சுமக்க விடாவிட்டால் உள்ளங்கை அளவுகூட இல்லாத நாலு பிரேக் பேட்களும் பின்சக்கர டிரம்மும்தான் அத்தனை சூட்டையும் வாங்கும்.

அதனால்தான் மலைப்பாதை டிரைவர்கள் ஏறின கியரிலேயே இறங்கச் சொல்கிறார்கள். இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கும்; அந்த எதிர்ப்பே வண்டியைப் பிடித்து வைக்கும். இப்போதைய மூன்று சிலிண்டர் சின்ன எஞ்சின்களில் இந்தப் பிடி குறைவு. அப்படிப்பட்ட வண்டியில் ஏறிய கியரைவிட ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள். எஞ்சின் உறுமுகிறதே, கெட்டுப்போகுமோ என்று பலர் பயந்து மேல் கியருக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்தச் சத்தத்தால் எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லை. குன்னூர்ச் சாலையில் பர்லியாறு பக்கம் இறங்கும் அரசு பஸ்ஸைக் கவனித்துப் பாருங்கள். அதே உறுமலோடுதான் வரும், பின்பக்கச் சிவப்பு விளக்கு அவ்வப்போதுதான் எரியும்.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் கம்ப்யூட்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகிறது. சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்கத் தொடர்ந்து எரிபொருள் எரிய வேண்டும். ஆக, நியூட்ரலில் இறங்குகிறவர்தான் அதிகம் செலவழிக்கிறார். எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுவது இதைவிடக் கொடுமை. இரண்டு மூன்று மிதியோடு, பெடலை லேசாக்கித் தரும் பிரேக் பூஸ்டரில் உள்ள வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங் கனக்கும். சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பிரேக் எப்படிக் கைவிடுகிறது என்று தெரிந்துகொண்டால் முன்னறிகுறிகள் புரியும். இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, பேடும் அது கவ்விப் பிடிக்கும் டிஸ்க் தட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வு குறைவது. பெடல் வழக்கம்போல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். இன்னொன்று, பிரேக் ஆயில் கொதிப்பது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. டாட் 3 என்ற தரத்துப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். டாட் 4 ஆயிலில் இதே அளவுகள் 230, 155. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதிக்கிற அழுத்தம் எல்லாம் குமிழியை நசுக்கவே போய்விடும், பெடல் பஞ்சு போல அடிவரை இறங்கும். ஊரில் வருடக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி மலையில் மட்டும் பிரேக் போனதாகச் சொல்லப்படும்போது, மாற்றப்படாத ஆயில் மீதுதான் எங்கள் முதல் சந்தேகம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற ஆகும் செலவு, குடும்பத்தோடு ஒரு வேளை ஹோட்டலில் சாப்பிடும் செலவுக்கு மேல் போகாது. மலைக்குப் போகுமுன் இந்த ஒரு வேலையையாவது செய்யுங்கள்.

மிதிக்கும் முறையும் முக்கியம். புதியவர்கள் பயத்தில் பெடல் மேல் காலை வைத்தபடியே, லேசாக அழுத்திக்கொண்டே வளைவுக்கு வளைவு இறங்குவார்கள். பார்க்கப் பொறுப்பாகத் தெரியும். உண்மையில் பேட் ஒரு நொடிகூட டிஸ்க்கை விட்டு விலகுவதில்லை, ஆற நேரமே கிடைப்பதில்லை. சரியான முறை: சரியான கியரில் விடுங்கள். வேகம் 30ஐத் தாண்டப் பார்க்கும்போது இரண்டு மூன்று நொடி நன்றாக அழுத்தி 20க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி வேகம் கூடினால் மறுபடி அதே. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே, சாலை நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். வளைந்துகொண்டே பலமாக மிதித்தால், அதுவும் மழையில், சக்கரம் பிடி நழுவும். 10 வினாடிக்கு ஒருமுறை பிரேக் தேவைப்படுகிறது என்றால் இன்னொரு கியர் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் டி-யிலேயே (டிரைவ்) விட்டு இறங்குவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். டி-யில் கியர்பாக்ஸ் மேல் கியரைத் தேடிப் போகும், எஞ்சின் பிடி இருக்காது. கியரைக் குறைத்துப் பிடிக்க எல், 2, எஸ், எம் என்று உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ அதைக் கிளம்பும் முன்பே வீட்டுப் பக்கத்தில் போட்டுப் பழகுங்கள். மின்சாரக் காரில் மோட்டாரே திரும்ப மின்சாரம் தயாரித்து வண்டியைப் பிடிக்கும். ஆனால் ஊட்டி ஹோட்டலில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு இறங்கினால் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இல்லை, பிடி குறைந்துவிடும். 70, 80 சதவீதத்தோடு இறங்குங்கள், போகப் போக அதுவே ஏறும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் கிளட்ச் விலகிவிடுவதால் எஞ்சின் பிடி ஏறக்குறைய இல்லை. அதில் இருவர் உட்கார்ந்து ஊட்டியிலிருந்து இறங்குவதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. போயே தீர வேண்டுமென்றால் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, நாலைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டு வாருங்கள்.

கருகிய ரப்பர் போல, எரிந்த காகிதம் போல வாடை வந்தால் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்து உங்கள் வண்டியா என்று பாருங்கள். உங்கள் வண்டிதான் என்றால், அடுத்த அகலமான இடத்தில், வளைவில் அல்ல, ஓரமாக நிறுத்துங்கள். ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்து, அரை மணி நேரம் விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிப்போகும், விரிசல்கூட விடும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். நடுச்சாலையில் விட்டுப்போன கல் இரவில் வருகிற இருசக்கர வண்டிக்காரரின் உயிருக்கு உலை வைக்கும்.

பிரேக் முழுதாகப் போயேவிட்டால் பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கூடவே ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள்; ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். ஹாரனும் முகப்பு விளக்கும் போட்டுக்கொண்டே, மலைச்சுவர் பக்கம் உரசி நிறுத்துங்கள். பள்ளத்துப் பக்கம் வேண்டாம். வண்டிக்கு ஆகும் சேதத்தை அந்த நேரத்தில் நினைக்கவே கூடாது.

ஏற்றத்தில் கவனிக்க வேண்டியது கிளட்ச். சீசன் நெரிசலில் அடி அடியாக நகரும்போது ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்ச் பெடலைப் பாதி அழுத்தியபடி, வண்டியைப் பிடித்து வைத்தால் அரை மணியில் கிளட்ச் தட்டு கருகிவிடும். நிற்கும்போதெல்லாம் ஹேண்ட் பிரேக் போடுங்கள். முன் வண்டி நாலைந்து மீட்டர் நகர்ந்த பிறகு கிளம்புங்கள். வெப்பமானி முள் ஏறினால் ஏசியை அணையுங்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். கொண்டை ஊசியில் பஸ் திரும்புவதைக் கண்டால் கீழேயே நின்றுவிடுங்கள், அதற்கு முழுச் சாலையும் வேண்டும். குறுகலான செங்குத்துச் சாலையில் இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். இது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது.

கிளம்புமுன் வண்டியில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டத்தின் கடைசி எல்லை. மழைக்காலத்தில் மலை ஏற அது போதாது, 3 மில்லிமீட்டராவது வேண்டும். கனமான பெட்டிகளை மேல் கேரியரில் கட்டாமல் டிக்கியின் அடியில் வையுங்கள், வளைவில் வண்டி சாயாது. பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். குழந்தையை முன் இருக்கையில் மடியில் வைக்கவே கூடாது.

வழி விஷயம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழி பொதுவாக நெரிசல் குறைவு. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழி முறையைப் போலீஸ் நடைமுறைப்படுத்துவது வழக்கம். மைசூர் பக்கம் போகிறவர்களுக்கு செல்போன் மேப், ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையைக் குறுக்குவழி என்று காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்து. அங்கே நடந்த விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கூடலூர் வழியே போங்கள், தூரம் கூடினாலும் பரவாயில்லை. முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதற்கேற்பக் கிளம்புங்கள். குன்னூர்ச் சாலையில் பலாப்பழ சீசனில் யானைகள் இறங்கும். கண்டால் தள்ளியே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், பிளாஷ் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் உங்கள் கண்ணிலேயே திரும்பி அடிக்கும், லோ பீமில் போங்கள். நாலு இண்டிகேட்டரும் மின்னிக்கொண்டே ஓட்டினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. நின்றுவிட்ட வண்டிக்குத்தான் அது.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். அரசு தளத்தில் கட்டணம் இல்லாமலே கிடைக்கும். எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கிறவரிடம் போக வேண்டியதில்லை. செவ்வாய், புதனில் போனால் அறை வாடகையும் குறையும், மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு சோதனைச் சாவடி வரிசையும் குறையும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், வீட்டு ஸ்டீல் பாட்டிலே போதும்.

மலையில் ஓட்டிப் பழக்கமே இல்லாதவருக்கு இன்னும் மலிவான நல்ல வழி இருக்கிறது: காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஏறுங்கள். முன்பதிவு கிடைத்தால் மலை ரயில். 46 கிலோமீட்டர், 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பிடித்துக்கொண்டு ஏறும். வேன் வாடகைக்கு எடுத்தால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, டிரைவர் பேட்டா, மலை ஏற்றக் கட்டணம், டோல், பார்க்கிங் யார் தலையில் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். டிரைவர் முந்தின இரவு தூங்கினாரா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

வாந்தி வருகிறவர்களுக்கு இட்லி, பிஸ்கட் போல எளிதான சாப்பாடு, வெறும் வயிறும் வேண்டாம். முன் இருக்கையில் உட்காரவைத்து தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், செல்போன் பார்க்க விடாதீர்கள். வாந்தி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, மலை ஏறத் தொடங்கும் அரை மணிக்கு முன்பே கொடுக்க வேண்டும்; குமட்டல் வந்த பிறகு கொடுத்து அதிகப் பயனில்லை. பெரும்பாலான வாந்தி மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், ஓட்டுகிறவர் அதைத் தொடக்கூடாது.

இறங்கிக் கல்லாறு வந்ததும் உடனே நிறுத்திவிடாமல், மேட்டுப்பாளையம் வரை பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள், காற்றிலேயே பிரேக் ஆறும். பிறகு நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் தொடாமல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முன் இரண்டும் ஒரே அளவு சூடாகவும் பின் இரண்டும் அதைவிடக் குறைவாகவும் இருந்தால் சரி. ஏதாவது ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிப்பரோ ஹேண்ட் பிரேக் கேபிளோ சிக்கியிருக்கிறது. நாற்கரச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகுமுன் ஒரு மெக்கானிக்கிடம் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.