வேட்டைக் குத்தகையும் காட்டுயிர்க் கணக்கும்

குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களில் பலர் பழத்தைத் தாமே பறித்து விற்பதில்லை. பூ நன்றாகப் பிடித்ததும் வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்ப்பார், ஒரு தொகை பேசி முடிப்பார், காவலுக்கு ஆள் போடுவார், காய்ப்பு முடிந்ததும் போய்விடுவார். நிலம் உடையவருடையது, அந்தப் பருவத்து விளைச்சல் குத்தகை எடுத்தவருடையது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேட்டையும் ஏறக்குறைய இப்படித்தான் குத்தகைக்கு விடப்படுகிறது. அங்கே சுமார் 95 விழுக்காடு நிலம் தனியார் கையில் இருப்பதால், மான் வேட்டைக்குப் போக விரும்புகிறவர் ஏதாவது ஒரு பண்ணைக்காரரிடம் ஏக்கருக்கு இவ்வளவு என்றோ ஆளுக்கு இவ்வளவு என்றோ பணம் கட்டித்தான் உள்ளே போக வேண்டும்.

மாம்பழத்துக்கும் மானுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழம் தோப்புக்காரருடையது, மான் பண்ணைக்காரருடையது அன்று. அந்நாட்டுச் சட்டத்தில் காட்டு விலங்கு மக்களின் பொதுச்சொத்து, மாநில அரசு அதன் அறங்காவலர். எந்த மாதத்தில், எத்தனை மான், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் அரசு விதிக்கிறது. பண்ணைக்காரர் விற்பது தம் வேலிக்குள் நுழையும் அனுமதியை மட்டுமே. ஆனாலும் அந்த அனுமதிக்கு விலை கிடைப்பதால், தமக்குச் சொந்தமில்லாத ஓர் உயிர் தம் நிலத்தில் நலமாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அவருக்கு வந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் விசை இங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டில் இப்படி ஒரு குத்தகைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன; அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். இருந்தும் இதை எழுதக் காரணம் என் மாமாவின் மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை நிலம். ஒடுகத்தூரை அடுத்த மலையடிவாரத்தில் இருக்கும் அந்தக் கொல்லைக்குச் சென்ற ஐப்பசியில் ஒரு விடியற்காலையில் போயிருந்தேன். கோணலாகக் கலப்பை ஓட்டியது போல் மண் நீளநீளமாகப் பிளந்து கிடந்தது. குப்புறக் கவிழ்ந்த செடிகளின் இலை இன்னும் வாடவில்லை. பருப்பைத் தின்றுவிட்டு உமிழ்ந்த தோடு மட்டும் எச்சில் ஈரத்தோடு சிதறிக் கிடந்தது. காவலுக்காகச் சுற்றிக் கட்டியிருந்த பழைய சேலைகளில் ஒன்று கிழிந்து தொங்க, அருகில் இருந்த முள்ளில் விறைப்பான கரிய மயிர் நாலைந்து சிக்கியிருந்தன. "பத்துப் பன்னிக்குக் கொறையாது. இதுங்க உசுரோட இருக்கறதால எனக்கு ஒரு காசு பிரயோசனம் உண்டா, சொல்லு" என்றார் மாமா. டெக்சாஸ் பண்ணைக்காரருக்கு ஒருவகையில் விடை கிடைத்திருக்கும் கேள்வி இது.

அந்த விடை எந்த அளவுக்குச் சரியானது என்பதை மானின் கணக்கை வைத்துப் பார்க்கலாம். வெள்ளைவால் மான்களில் ஒரு கலை (ஆண் மான்) பல பிணைகளோடு (பெண் மான்களோடு) கூடும். ஆகவே அடுத்த ஆண்டு எத்தனை குட்டி பிறக்கும் என்பதைத் தீர்மானிப்பது பிணைகளின் எண்ணிக்கையே. ஒரு பண்ணையில் 100 பிணைகள் இருப்பதாகவும், பிணைக்கு ஒரு குட்டி தப்பிப் பிழைப்பதாகவும், ஆண்டுக்குப் பத்துப் பிணைகள் இயல்பாக இறப்பதாகவும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். குட்டிகளில் பாதி பெண் என்றால் மறு ஆண்டு 140 பிணைகள் நிற்கும். இடையில் வேட்டைக்காரர்கள் முப்பது கலைகளைச் சுட்டிருந்தாலும் இந்த 140 மாறாது. மந்தையைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமானால் பிணைகளைச் சுட வேண்டும். ஆனால் பணம் கட்டி வருகிறவர் விரும்புவது பெரிய கிளைக் கொம்பு உள்ள கலையை. அவர் விருப்பத்துக்கே விட்டால் மான் பெருகி, இளந்தளிரையும் செடிகளையும் மேய்ந்து தீர்த்து, கடைசியில் தானும் மெலிகிறது.

கொம்பு பெரிதாக வளர வயது வேண்டும், தீனி வேண்டும், மரபும் துணை நிற்க வேண்டும். முதல் இரண்டும் நிலத்துக்காரர் கையில் இருப்பவை. இளங்கலைகளைச் சுடாமல் விட்டு, பிணைகளைக் குறைத்து, புதர்க்காட்டை அழிக்காமல் வைத்திருந்தால் நாலைந்து ஆண்டில் பலன் தெரியும். ஓராண்டுக் குத்தகைதாரருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. நம் ஏரி மீன் குத்தகையிலும் இதே நிலைதான்: அடுத்த ஆண்டு ஏலம் யாருக்குப் போகுமோ என்று இருப்பவர் குஞ்சு வரை அரித்துவிட்டுத்தான் போவார். அதனால் பல ஆண்டுக் குத்தகையும், உயிரியலாளர் ஒப்புக்கொண்ட மேலாண்மைத் திட்டமும் சேரும் இடங்களில்தான் இந்த முறை நன்றாக நடக்கிறது. அப்படித் திட்டம் வைத்திருக்கும் பண்ணைகளுக்கு டெக்சாஸ் அரசு நீண்ட வேட்டைப் பருவத்தை அனுமதிக்கிறது; 1995-ஆம் ஆண்டு முதல், காட்டுயிருக்காகப் பராமரிக்கும் நிலத்துக்கும் விளைநிலத்துக்கு உரிய குறைந்த நிலவரிச் சலுகை கிடைக்கிறது.

கேடும் உண்டு. மானை ஓரிடத்தில் வரவழைக்கத் தானியங்கித் தொட்டிகளில் மக்காச்சோளம் கொட்டுகிறார்கள். பல மான்கள் ஒரே இடத்தில் வாய் வைக்கும்போது எச்சில் வழியே நோய் பரவுகிறது. உருமாறிய பிரியான் புரதத்தால் வரும் நாட்பட்ட மெலிவு நோய் 1967-இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் கவனிக்கப்பட்டது. 2012-இல் டெக்சாஸின் காட்டு மான்களிலும், 2015-இல் அங்கே வணிகத்துக்காக வளர்த்த மான்களிலும் கண்டறியப்பட்டது. அதற்கு மருந்து இல்லை. பிரியான் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

பன்றியிடம் வரும்போது கணக்கு தலைகீழாகிறது. பெண் பன்றி ஒரு வயது ஆவதற்குள்ளேயே சினைப்பட முடியும், ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டி போடும். டெக்சாஸில் திரியும் பன்றிகள் பெருகாமல் நிற்கவே ஆண்டுதோறும் சுமார் மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். துப்பாக்கி வேட்டை அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. கூட்டத்தில் இரண்டைச் சுட்டால் மற்றவை மிரண்டு சிதறிப் புதிய இடங்களுக்குப் போய்விடும். இதைவிடப் பெரிய சிக்கல், வேட்டைக்குப் பணம் கிடைக்கும்வரை பன்றி இருந்தால்தான் நல்லது என்று நினைப்பவர்கள் பெருகுவது. டென்னசி மாநிலம் 1999-இல் பன்றி வேட்டையை மாநிலம் முழுதும் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டது. ஒழியும் என்று எதிர்பார்த்த பன்றிகளை, வேட்டைக்காக ஆட்களே வண்டியில் ஏற்றிப் புதிய இடங்களில் இறக்கிவிட்டார்கள். பரவல் பெருகவே 2011-இல் அந்த வேட்டையை நிறுத்தினார்கள். கன்சாஸ் மாநிலம் 2006-லேயே பன்றி வேட்டையைத் தடை செய்து, பொறிக்கூண்டு வைத்துக் கூட்டத்தையே மொத்தமாகப் பிடிக்கும் வழியில் இறங்கியது. பயிரைக் காக்க வேட்டையைத் தடை செய்தார்கள் என்று சொன்னபோது மாமா முதலில் நம்பவே இல்லை.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். சுடுகிறவருக்கு இலாபம் எதுவும் இல்லை என்பதால் டென்னசியில் நேர்ந்தது இங்கே நேராது. ஆனால் மாமாவின் கொல்லை முதல் கிலோமீட்டருக்குள் வருகிறது. அவர் பொறுத்துக்கொள்ளும் இழப்புக்கு உரிய நிவாரணம் விதைப்புப் பருவத்துக்குள் கைக்கு வந்தாக வேண்டும். தாமதமாகும் இடங்களில்தான் திருட்டு மின்வேலியும் தீனிக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயும் தலைகாட்டுகின்றன, அவற்றில் பன்றியோடு யானையும் மனிதரும் சாகிறார்கள்.

பணத்தை ஊருக்கே கொடுக்கும் முறை ஒன்றும் உலகில் உண்டு. பாகிஸ்தானின் வட மலைப்பகுதிகளில் முறுக்குக் கொம்புள்ள மார்க்கோர் ஆட்டை வேட்டையாட ஆண்டுக்கு மிகச் சில அனுமதிகளை ஏலம் விட்டு, தொகையில் 80 விழுக்காட்டை அந்தப் பள்ளத்தாக்கு மக்களிடமே ஒப்படைக்கிறார்கள். அங்கே மேய்ச்சல் நிலம் பொது, ஆட்டுக்குக் காவலும் பொது. 2015-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மார்க்கோரை 'அழியும் நிலை'யிலிருந்து 'அச்சுறு நிலையை அண்மித்தது' என்ற வகைக்கு மாற்றியது. நான் இதில் கவனிப்பது வேட்டையைவிடப் பரப்பளவை. விலங்கு நடமாடும் பரப்பும் அதைப் பராமரிப்பவரின் பரப்பும் ஒன்றாக இருந்தால்தான் எந்த ஏற்பாடும் நிற்கும். டெக்சாஸிலேயே சிறு நிலத்துக்காரர்கள் பக்கத்துப் பக்கத்து நிலங்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்துத்தான் மான்களைப் பராமரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர்; ஒரு பன்றிக் கூட்டம் சுற்றிவருவதோ சில நூறு ஹெக்டேர்.

அன்று காலை வரப்பு வழியே அந்தக் குளம்படிகளைப் பின்தொடர்ந்து போனோம். மாமாவின் கொல்லையைத் தாண்டி ஒரு கேழ்வரகுக் கொல்லை, ஒரு தரிசு, பங்காளிகள் இருவரின் மல்லாட்டை, ஓடைக் கரை, பிறகு வனத்துறையின் எல்லைக் கல். ஓர் இரவில் அந்தக் கூட்டம் கடந்தது ஐந்து பட்டாக்கள்.