மூன்றாம் நாள் பால்

"மகளுக்குப் பிரசவமாகி மூன்று நாள் ஆகிறது. பால் பத்தவில்லை, குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது. பவுடர் பால் கொடுத்துவிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேட்டவர் பாட்டி என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் அவளுடைய அம்மாவிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் கவலை ஊருக்கெல்லாம் பொதுவானது. அதுவரை வருவது சீம்பால், வேளைக்குச் சில மில்லிலிட்டர். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். கர்ப்பகாலம் முழுக்கச் சுரப்பை அடக்கி வைத்திருந்த புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், நஞ்சுக்கொடி வெளியேறியதும் சரிகிறது. தயாராக நிற்கும், பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் அதன்பின் வேலையைத் தொடங்க, இரண்டு முதல் நான்கு நாளில் பால் இறங்குகிறது. சரி, இது பள்ளிப் பாடம்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. ஹார்மோன் இரத்தத்தில் ஓடுகிறது, இரண்டு மார்புக்கும் ஒன்றுபோலத்தான் போய்ச் சேரும். ஆனால் குழந்தை ஒரே பக்கம் குடித்துப் பழகினால் அந்தப் பக்கம் நன்றாகச் சுரக்கிறது, மறுபக்கம் வற்றுகிறது. இரத்தம் ஒன்று, கணக்கு மட்டும் எப்படி இரண்டு?

1980களில் ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிலையத்தில் இதை ஆடுகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஆட்டு மடியில் இரண்டு சுரப்பிகள், தனித்தனியானவை. ஒரு பக்கத்தை மட்டும் கூடுதல் தடவை கறந்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் சுரப்பு கூடியது. மடி காலியானதால் அழுத்தம் குறைந்து, அதனால் கூடியிருக்குமோ? அதையும் சோதித்தார்கள். மடிக்குள் சர்க்கரைக் கரைசலைச் செலுத்தி, தேங்கியிருந்த பாலை நீர்க்கவைத்தார்கள். மடி நிறைந்துதான் இருந்தது. அப்படியும் சுரப்பு கூடியது! அப்படியானால் "போதும், நிறுத்து" என்று செல்களிடம் சொல்லும் ஏதோ ஒன்று பாலுக்குள்ளேயே கரைந்திருக்க வேண்டும். பால் தேங்கத் தேங்க அந்தச் சொல் உரக்கக் கேட்கிறது. பால் வெளியேறினால் அதுவும் கூடவே போய்விடுகிறது. அது ஒரு புரதம் என்று முதலில் நினைத்தார்கள். இப்போது சந்தேகம் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் மேல் விழுந்திருக்கிறது. இறைக்கிற கிணறு ஊறும் என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே இரண்டு கிணறு, ஒவ்வொன்றும் தன் நீர்மட்டத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது.

ஆட்டு மடிக்குள் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றப் பணம் வேண்டும் என்று இன்று ஒருவர் விண்ணப்பித்தால் என்ன நடக்கும்? "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் அந்த மடியிலிருந்துதான் வருகிறது, அம்மா.

இன்றிரவு பவுடர் பால் கொடுத்தால் குழந்தை அசந்து தூங்கும். மார்பில் பால் தேங்கும், செல்கள் "போதும்" என்பதைக் கேட்டுச் சுரப்பைக் குறைக்கும். நாளைக்கு, "பார்த்தாயா, நான் சொன்னேனே, பால் இல்லை" என்பீர்கள். சேனை வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது எல்லாம் இந்தக் கணக்கைத்தான் கெடுக்கின்றன. தேன் இன்னும் மோசம். அதிலிருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரி கைக்குழந்தைக்குத் தசைகளைச் செயலிழக்கவைக்கும் நோயைத் தரலாம். ஒரு வயது வரை தேன் வேண்டவே வேண்டாம்.

ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்கவிடுங்கள், இரவிலும்தான். காம்பு மட்டும் வாயில் இருந்தால் பால் வராது, புண்தான் வரும். குழந்தை வாயை அகலத் திறந்து கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும், மோவாய் மார்பில் பதிய வேண்டும். இதை மருத்துவமனைச் செவிலியரை அருகில் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள்.

சில பெண்களுக்கு உண்மையாகவே பால் குறைவாக இருக்கும். தைராய்டு கோளாறு, நஞ்சுக்கொடித் துணுக்கு உள்ளே தங்கிவிடுவது, முன்பு மார்பில் நடந்த அறுவை சிகிச்சை என்று காரணங்கள் உண்டு. அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் பவுடர் பாலில் எந்தக் குற்றமும் இல்லை. அதைக் குத்திக்காட்டும் உறவினர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. குழந்தையின் அழுகையை வைத்துக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு ஈரத் துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு துணியாவது நனைய வேண்டும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்கும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். துணி நனைவது குறைந்தாலோ, குழந்தை குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ, மஞ்சள் பூத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.