பாட்: தட்டு வேறு, சொற்கட்டு வேறு

தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த டயல்-அப் காலத்து விண்டோஸில் இணைப்பு கிடைத்ததும் திரையின் மூலையில் இரண்டு குட்டிக் கணினிகள் மின்னும். சுட்டியை அங்கே கொண்டுபோனால் சில நேரம் ‘115,200 பிபிஎஸ்’ (நொடிக்கு இத்தனை பிட்) என்று காட்டும். அதை நம்பி உட்கார்ந்தால், ஒன்றரை நிமிடத்தில் இறங்க வேண்டிய 1 எம்பி கோப்பு ஐந்து நிமிடம் எடுக்கும். அந்த எண் கணினிக்கும், அதைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடத்துக்கும் நடுவே இருக்கும் சீரியல் கேபிளின் வேகம். தொலைபேசிக் கம்பியில் ஓடியது 28,800தான்.

இந்தக் குழப்பத்தில் வந்து மாட்டும் சொல் ‘பாட்’ (baud). பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ (1845–1903) பெயரிலிருந்து வந்தது. மோர்ஸ் தந்திக் குறியில் எழுத்துக்கு எழுத்து நீளம் மாறும். இவர் எல்லா எழுத்துக்கும் ஐந்தே அலகு என்று வைத்தார். ‘போட்’ என்று எழுதினால் படகு நினைவுக்கு வரும், அதனால் பாட்டே இருக்கட்டும்.

கம்பியில் நொடிக்கு எத்தனை சமிக்ஞைகள் போகின்றன என்பதே பாட். தாளம் போடுபவர்களுக்குச் சட்டென்று புரியும்: தட்டு பாட், தட்டுக்குள் விழும் சொற்கள் பிட், அதாவது 0 அல்லது 1. பழைய 300 வேக மோடத்தில் தட்டுக்கு ஒரு பிட். இரண்டும் ஒரே எண்ணாக இருந்ததால் இரண்டும் ஒன்றே என்று பேசும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அப்புறம் வந்த வி.22பிஸ் என்ற மோடம் தரம் சதுஸ்ர நடை: நொடிக்கு 600 தட்டு, தட்டுக்கு நான்கு பிட், ஆக 2400. அதைப் போய் ‘2400 பாட் மோடம்’ என்றார்கள். ‘பாட் ரேட்’ என்பதோ நடு சென்டர் மாதிரி; நொடிக்கு என்பது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, எட்டு பிட் ஒரு பைட். நொடிக்கு 9600 பிட் என்றால் எட்டால் வகுத்து 1200 பைட்டா? சீரியல் போர்ட்டில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட் உண்டு. பத்தால் வகுக்க வேண்டும்: 960. வி.42 என்ற தரத்தில் வந்த மோடங்கள் அந்த இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் கம்பியில் ஏற்றும். வி.42பிஸ் உரையைச் சுருக்கியும் அனுப்பும். கேபிள் வேகத்தை உயர்த்தி வைத்தது அதற்காகத்தான். ஏற்கெனவே ஜிப் செய்து சுருக்கிய கோப்பிடம் அந்த வித்தை பலிக்காது.

தமிழில் என்ன சொல்வது? வாட், வோல்ட் போல ஆள் பெயரில் வந்த அலகை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அது அளப்பதைக் குறியீட்டு வீதம் எனலாம். கம்பியில் போவது பிட் வீதம். கடைசியில் கையில் சேர்வதை நான் நிகர வீதம் என்பேன். அரிசி மூட்டையில் மொத்த எடை, நிகர எடை என்று படித்துப் பழகியவர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்காது.