கெய்ட் – நடைப்பாங்கு

முழங்கால் மூட்டுமாற்று சிகிச்சை முடிந்தவர்களின் பிசியோதெரபி குறிப்பில் 'கெய்ட் ட்ரெய்னிங்' என்று எழுதியிருக்கும். கெய்ட் என்றால் நடக்கிற விதம். எவ்வளவு தூரம் நடந்தார் என்பது இதில் சேராது. பாதம் எப்படி ஊன்றுகிறது, முழங்கால் எப்போது எவ்வளவு மடங்குகிறது என்பதே கணக்கு.

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர், ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் 'கத' (gata). பொருள்: தெரு, வழி. இங்கிலாந்தின் யார்க் நகரத்து மிக்கில்கேட் (பெரிய தெரு) போன்ற பெயர்களில் இருப்பது அதே சொல்தான். செல்லும் வழி, பின்னாளில் செல்லும் விதமாயிற்று. நம் 'நடை'யும் கோயில் நடை சாத்தும்போது வாசல்வழியைக் குறிக்கிறது. உறவு ஏதுமில்லை, தற்செயல்தான்.

தமிழில் 'நடை' என்று மட்டும் சொன்னால் எழுத்து நடையும், 'ஒரு நடை போய் வா'வும் குறுக்கே வரும். ஆகவே நடைப்பாங்கு. கெய்ட் ட்ரெய்னிங்கை 'நடைப்பயிற்சி' என்று எழுதுவது தவறு: நோயாளி அதை வாக்கிங் என்று எடுத்துக்கொண்டு, தவறான பாங்கிலேயே கிலோமீட்டர் கணக்கில் நடப்பார். 'நடைப்பாங்குத் திருத்தம்' என்பதே பொருந்தும்.

திருத்த என்ன இருக்கிறது? ஒரு குதிகால் ஊன்றி, அதே குதிகால் மறுபடி ஊன்றும்வரை ஒரு நடைச் சுழற்சி. அதில் ஏறத்தாழ 60% ஊன்று கட்டம் (பாதம் தரையில்), மீதி வீச்சுக் கட்டம் (பாதம் காற்றில்). ஊன்றியதும் முழங்கால் 15–20 டிகிரி மடங்கி அதிர்வை வாங்கும். வீச்சில் 60 டிகிரி வரை மடங்கும். தேய்மான வலியில் ஆண்டுக்கணக்காகக் காலை விறைத்து நடந்தவருக்கு அந்த முதல் மடக்கம் போய்விடுகிறது. மூட்டை மாற்றினாலும் பழக்கம் தானாக மாறாது. முன்தொடைத் தசை வலுவிழந்தே கிடக்கும், சுமை மறுகாலுக்குப் போகும்.

செயற்கை மூட்டின் வடிவமும் இங்கேதான் சேர்கிறது. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் பின்குறுக்கு இணைநாரை (பி.சி.எல்.) எடுத்துவிட்டுப் பொருத்தும் வகையில், கீழ்க்கால் எலும்பின் மேல் அமரும் பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) தட்டின் நடுவே ஒரு முளை நிற்கும், தொடை எலும்பின் முனையை மூடும் உறையின் குறுக்குக்கட்டை அதில் முட்டி, தொடை எலும்பு முன்னே வழுக்காமல் தடுக்கும். பல வடிவங்களில் இது முட்டுவதே சுமார் 70 டிகிரிக்கு மேல். அதாவது சமதரையில் நடக்கும்போது முளைக்கு வேலையே இல்லை. நாற்காலியிலிருந்து எழும்போதுதான் வேலை. ஆனால் முழங்காலைப் பின்னோக்கி வளைத்து ஊன்றுபவருக்கு, உறை முளையின் முன்பக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் மோதும். அங்கே தேயும், சில வேளை முறியும். வில்போல் வெளிப்பக்கம் வளைந்த கால் அறுவையில் நேராக்கப்படாமல் போனால் தேய்மானம் தட்டின் உள்பக்கத்தில் கூடும். உதிரும் துகள்கள் எலும்பை அரிக்க, மூட்டு தளரும்.

செயற்கை மூட்டின் தேய்மானச் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 14243 என்ற சர்வதேசத் தரமும் ஒரு நடைப்பாங்கைத்தான் வகுத்திருக்கிறது: உச்ச மடக்கம் 58 டிகிரி, உச்ச விசை 2600 நியூட்டன், 50 லட்சம் சுற்று. படியிறங்குவதோ சம்மணமிடுவதோ நொண்டுவதோ அதில் இல்லை. எனவே சோதனையில் தேறிய மூட்டு என்பது, ஒழுங்கான சமதரை நடையில் தேறிய மூட்டு.

வீட்டில் கவனிக்க வேண்டியது: தலையணையை முழங்காலுக்கு அடியில் வைக்காதீர்கள், குதிகாலுக்கு அடியில் வையுங்கள். கால் முழுதாக நீளாவிட்டால் குதிகால் முதலில் ஊன்றாது.